பழைய பாஸ்மேனில் கரகரப்பு: எந்த ரெசிஸ்டரை மாற்றுவது?

வணக்கம் நண்பரே. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் உங்கள் அறுபதுகளின் ஃபெண்டர் பாஸ்மேன் வால்வு ஆம்ப்ளிஃபையர் கரகரக்கிறது, 100 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் ஒன்று 128 கே காட்டுகிறது, ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

ரெசிஸ்டரில் வெள்ளிப் பட்டை இருந்தால், எழுதிய மதிப்பிலிருந்து 10 சதவீதம்தான் விலகலாம். சர்க்யூட்டில் வைத்து அளந்தால் மதிப்பு பொதுவாகக் குறைந்துதான் தெரியும். கூடித் தெரிந்தால் அது நிஜமாகவே ஏறிவிட்டது. அதைக் கழற்றிவிடுங்கள்.

சத்தம் வால்யூமுக்கு அப்பால் உள்ள நிலைகளிலிருந்து வருகிறது. அங்கே பிளேட் ரெசிஸ்டர்களை (வால்வின் பிளேட் முனைக்கு மின்சாரம் தருபவை) உலர்ந்த மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள், இன்னொரு கை சேஸியில் (உலோகச் சட்டத்தில்) படாமல். தட்டும்போது எது கரகரக்கிறதோ அதை மாற்றுங்கள். பிளேட்டுக்கு 1 வாட் மெட்டல் ஃபிலிம் வகை ரெசிஸ்டர் போடுங்கள். வாட் கணக்குக்கு அரை வாட்டே போதும், ஆனால் வோல்ட் தாங்கும் அளவையும் பார்க்க வேண்டுமே. பழைய, இரைச்சல் கூடிய கார்பன் காம்போசிஷன் வகையே வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சலைக் குறைக்கத்தானே பெட்டியைத் திறந்தீர்கள்?

பவர் வால்வுகளின் ஸ்கிரீன் முனையில் உள்ள ஸ்கிரீன் ரெசிஸ்டர் 470 ஓம்தான், ஆனால் 3 வாட் தீப்பிடிக்காத மெட்டல் ஆக்சைடாக, சாக்கெட்டை ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

அப்புறம், சால்டரிங் அயர்னைத் தொடும் முன் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பில்டர் கபாசிட்டர்களின் மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பாருங்கள். 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.