லேசிக்கில் விட்டுப்போன கண்ணாடி திரும்பி வருமா?

கேள்வி: எனக்கு வயது 24, மைனஸ் 4 பவர். லேசிக்கின் பலன் ஆயுள் முழுவதும் நிலைக்குமா?

லேசிக் என்பது கண்ணாடியைத் தவிர்க்க, கருவிழியை லேசரால் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் சிகிச்சை. அப்படிச் செதுக்கியெடுத்த திசு மீண்டும் வளர்வதில்லை. அந்த அளவில் சிகிச்சை நிரந்தரமானதே. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழியில், பவரின் அலகான டயாப்டர் ஒன்றைச் சரிசெய்யப் பொதுவாக 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை செதுக்குகிறோம். ஆனால் கருவிழி அப்படியே இருக்க, கண்கோளம் பின்னோக்கி நீண்டுகொண்டே போனால் கிட்டப்பார்வை மறுபடி எட்டிப்பார்க்கும். 18 வயது நிறைந்துவிட்டது என்பது மட்டும் போதாது. கடந்த ஓராண்டிலாவது உங்கள் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறாதிருந்தால்தான் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மைனஸ் 8 இருந்தது. லேசிக் செய்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் மைனஸ் 1 வந்திருக்கிறது. மறுபடி லேசர் செய்யலாமா?

அதிகப் பவரைக் குறைத்த கண்களில், கருவிழியின் மேற்படலம் செதுக்கிய பள்ளத்தின் மேல் சற்றுத் தடித்துப் பவரில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவருவது உண்டு. எனினும் திரும்பி வந்த பவரெல்லாம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. கருவிழி வலுவிழந்து முன்புறம் பிதுங்குவது, கண்புரையின் தொடக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஆகியவையும் மைனஸைக் கூட்டும். பிதுங்கும் கருவிழியை மேலும் செதுக்குவது ஆபத்து என்பதால், கருவிழியின் வடிவத்தையும் கனத்தையும் அளக்காமல் மறு லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். லேசர் பாய்ச்சுவதற்காகக் கருவிழியில் வெட்டித் திறக்கும் மெல்லிய மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரான் எஞ்ச வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். நான் அதைவிடக் கூடுதலாக எஞ்சுவதையே விரும்புவேன். மைனஸ் 1-க்கு, வண்டி ஓட்டும்போது மட்டும் கண்ணாடி அணிவதும் குறைவான தீர்வன்று.

கேள்வி: 45 வயதில் செல்பேசி எழுத்து மங்குகிறது. அன்று செய்த லேசிக் தோற்றுவிட்டதா?

இல்லை. இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. லேசிக் செய்யாதவர்களுக்கும் வரும்.

கேள்வி: கண்ணாடியே வேண்டாம் என்றான பிறகும் பரிசோதனை தேவையா?

தேவை. அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண்ணின் நீளத்தை லேசர் குறைப்பதில்லை. ஆகவே விழித்திரை கிழியும் அபாயம் முன்போலவே தொடர்கிறது. திடீரென மின்னல் கீற்றுகளோ மிதக்கும் புள்ளிகளோ தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அடங்கிய கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் பொருத்தும்போது, செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும் என்பதால், அந்தப் பழைய எண்கள் பெரிதும் உதவும்.