உங்கள் மாமனார் எந்த நாட்டுக்குப் போனார்?

கேள்வி: நானும் என் மனைவியின் தம்பியும் நல்ல நண்பர்களாக இருந்தவர்கள். நான் முதலாளித்துவத்தை நம்புகிறவன். அவர் சோஷலிசம் பேசுபவர். ஒரு நாட்டில் சர்வாதிகாரி மக்களைக் கொன்று குவித்தால் வெளியிலிருந்து படை போய்த்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி. எந்தப் படையும் எந்த நாட்டுக்கும் போகக்கூடாது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் கூடும்போதெல்லாம் இதே விவாதம்தான். நான் ஆதாரத்தோடு பேசுவேன், அவர் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார். (மாமாவே ராணுவத்தில் இருந்தவர்தான். மைத்துனருக்கு நான்கு வயதாக இருக்கும்போது வெளிநாட்டுக்கு அனுப்பிய படையில் போய் வந்தவர். ஆனால் அவர் அரசியல் பேச மாட்டார். நாங்கள் ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.) கடைசியாக நடந்த சண்டையில் வார்த்தை தடித்துவிட்டது. மூன்று மாதமாகப் பேச்சில்லை. மனைவி என்னைக் குறை சொல்கிறாள். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதினால் மைத்துனரிடம் காட்டுவேன்.

பதில்: மைத்துனரிடம் காட்டுவதற்கென்று எதையும் நான் எழுதித் தரப்போவதில்லை. இந்தப் பதில் உங்களுக்கு மட்டும்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அச்சில் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ஈராக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கொசோவோவுக்காக நேட்டோ கூட்டணி 78 நாள் குண்டு வீசியதை எழுதியிருக்கிறீர்கள். லிபியாவுக்காக ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் போட்ட தீர்மானத்தின் எண்கூட இருக்கிறது. மாமனாருக்கு அடைப்புக்குறிக்குள் நான்கே வரி. அதில் அவர் போன நாட்டின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அங்கே எத்தனை மாதம் இருந்தார் என்பது இல்லை. இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர் அதை மட்டும் மறந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நீங்கள் கேட்டதே இல்லை.

வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது சரியா தவறா என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருக்கிறீர்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு மனிதர் அதே கூடத்தில் இருந்தார். அது அவருடைய வீடு. அந்த வீட்டிலிருந்து அவர் எழுந்து வெளியே போயிருக்கிறார், நீங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதில் உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லையா? ‘அவர் அரசியல் பேச மாட்டார்’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். பேச மாட்டார் என்பது எப்படித் தெரியும்? பேசுவது பெற்ற மகன் மட்டும் என்றால் ‘போதும், நிறுத்து’ என்று அதட்டியிருப்பார். மருமகனை அதட்ட அவருக்கு மனம் வந்திருக்காது. அதனால் அவரே எழுந்து போனார். அந்தப் பெருந்தன்மையை நீங்கள் அவருக்கு ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அடுத்தது உங்கள் மைத்துனர். அவர் உணர்ச்சிவசப்படுகிறார், ஆதாரம் தருவதில்லை என்பது உங்கள் புகார். அவருக்கு நான்கு வயதில் அப்பா வெளிநாட்டுப் படையில் போனார் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். அம்மா யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டு இருந்ததையும் பார்த்திருக்கும். திரும்பி வந்தவர் போனவரைப் போலவே இருந்தாரா என்பதும் அந்த வீட்டுக்குத்தான் தெரியும். ‘எந்தப் படையும் எங்கேயும் போகக்கூடாது’ என்று அந்தப் பிள்ளை வளர்ந்து சொல்லும்போது, அதை ஒரு கட்சிக்காரனின் கோஷமாக மட்டும் கேட்க உங்களுக்கு எப்படி முடிந்தது? உங்கள் மனைவியும் அதே வீட்டில் வளர்ந்தவர். அவர் உங்களைக் குறை சொல்வதற்குக் காரணம் இருக்கலாம். அவரிடமாவது கேட்டீர்களா?

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கும் வருகிறேன். அதைத் தட்டிக்கழித்தால் எனக்குப் பதில் தெரியவில்லை என்று நினைப்பீர்கள்.

முதலாளித்துவமா சோஷலிசமா என்பதில் நீண்ட நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் இருவரும் சண்டை போடும் அந்தக் கலப்படமில்லாத இரண்டு சரக்கும் உலகத்தில் எங்கேயும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. ரஷ்யாவில் புரட்சி நடந்து நான்கே ஆண்டில், 1921இல், லெனின் விவசாயிகள் மிச்ச தானியத்தைச் சந்தையில் விற்கலாம் என்று அனுமதித்தார். சோஷலிஸ்டுகளைச் சட்டம் போட்டு ஒடுக்கிய பிஸ்மார்க்தான் 1883இல் ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். 2008இல் வங்கிகள் சரிந்தபோது அமெரிக்க அரசு 700 பில்லியன் டாலர் வரை பொதுப்பணத்தை ஒதுக்கியது, சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடவில்லை. பொருளை உற்பத்தி செய்யவும் விற்கவும் சந்தை வேண்டும், நோய்க்கும் படிப்புக்கும் பொதுப்பணம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு, யார் தருவது என்பதில்தான் நேர்மையான சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையை நீங்கள் இருவரும் இன்னும் தொடங்கவே இல்லை.

படைத் தலையீடு வேறு மாதிரி. அங்கே தப்பான பதிலுக்கு விலை உயிர்.

உங்கள் கடிதத்தில் 1979 இல்லை. மைத்துனரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதிப்படாது. கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதை நிறுத்தியது எந்தச் சந்தை நாட்டின் படையும் இல்லை. கம்யூனிஸ்ட் வியட்நாமின் படை எல்லையைத் தாண்டிப் போய் 1979 ஜனவரியில் தலைநகர் நாம்பென்னைப் பிடித்தது. எல்லையில் போல் பாட்டின் ஆட்கள் வியட்நாம் கிராமங்களைத் தாக்கியதுதான் வியட்நாமின் முதல் காரணம், மனிதாபிமானம் அடுத்துத்தான். அதற்கு உலகம் நன்றி சொல்லவில்லை. ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை தோற்று ஓடிய போல் பாட்டின் கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது, அமெரிக்காவும் அதை ஆதரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உகாண்டாவில் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது தான்சானியாவின் படை. அந்த நாட்டின் தலைவர் நைரேரே சோஷலிஸ்ட். முதலில் எல்லை தாண்டித் தாக்கியது அமீன்தான். ஆக, சோஷலிசம் பேசிக்கொண்டே ‘எந்தப் படையும் போகக்கூடாது’ என்கிறவர் இதற்குப் பதில் சொல்லவேண்டும். சந்தை நாடுகள்தான் மக்களை மீட்கின்றன என்று எழுதியிருக்கும் நீங்களும் சொல்லவேண்டும்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். வியட்நாம் படை கம்போடியாவை விட்டு வெளியேறப் பத்து ஆண்டு ஆனது. அமீன் போன பிறகும் உகாண்டாவில் உள்நாட்டுப் போரும் கொலையும் ஓயவில்லை. லிபியாவில் 2011 அக்டோபரில் சர்வாதிகாரி கடாஃபி கொல்லப்பட்டார். அத்துடன் உங்கள் பத்தி முடிந்துவிடுகிறது. லிபியாவின் கதை அங்கே முடியவில்லை. 2014இல் அந்த நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் போட்டி போட்டுச் சண்டையிட்டன. கடாஃபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாமல் போனதுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று 2016இல் ஒபாமாவே சொன்னார், தலையிட்டது சரி என்று நினைத்துக்கொண்டே சொன்னார். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003இல் போனார்கள். ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை ஒன்பது ஆண்டுக்கு மேல் இருந்தது, அமெரிக்கப் படை இருபது ஆண்டு இருந்தது. 2021இல் தாலிபான் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இதைப் படித்ததும் மைத்துனர்தான் ஜெயித்தார் என்று தோன்றினால் ருவாண்டாவை நினைத்துப் பாருங்கள். 1994 ஏப்ரலில் அங்கே ஐ.நா. படை ஏற்கெனவே இருந்தது, சுமார் 2,500 பேர். துட்ஸி இன மக்களின் படுகொலை தொடங்கிய முதல் நாளிலேயே பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். இன்னும் வீரர்கள் வேண்டும் என்று அந்தப் படையின் தளபதி தலேர் மன்றாடினார். பாதுகாப்பு கவுன்சில் அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நூறு நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் யாராவது பொறுப்பேற்கவேண்டும்.

என்னைக் கேட்டால், கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்லப்படுவதை நிறுத்தும் வலு இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அனுப்புகிறவர்கள் ஆட்சியைக் கவிழ்ப்பதோடு கைகழுவிவிட்டுப் போகக்கூடாது. போன வீரன் திரும்பி வந்து வாழப்போகும் நாற்பது ஐம்பது ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பெரும்பாலான அரசுகள் அதைச் சேர்ப்பதில்லை. போரில் பட்ட அதிர்ச்சி வருடக்கணக்கில் ஒருவரை வதைக்கும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றியது 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் பல ஆண்டு போராடிய பிறகே அது நடந்தது. உங்கள் மாமனாருக்கு அப்படி ஏதோ இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் சத்தம் பிடிக்காமல்கூட அவர் எழுந்து போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் என் கோபம்.

குடும்பத்தில் பெரியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் மருத்துவரிடம் அழைத்துப்போவதும் கடமைதான், அதை நீங்கள் செய்கிறவர் என்றே நம்புகிறேன். அவர்கள் எதைத் தாங்கி வந்தார்கள் என்று தெரிந்துகொள்வதும் அதே கடமையில் சேர்ந்தது. தெரிந்துகொள்ளாதவர், அவர்கள் காதில் விழும்படி அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

முதலில் மைத்துனரை அழையுங்கள். அவர் சின்னவர், அவரே வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். ‘ஆனாலும் நான் சொன்னது சரிதான்’ என்று அதோடு வாலைச் சேர்க்காதீர்கள். அப்பா போயிருந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஈராக்கைக் கொண்டுவராதீர்கள்.

மாமனாரிடம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘நீங்களே போனவர், நீங்களே சொல்லுங்கள், யார் சொல்வது சரி?’ என்று ஆரம்பித்தீர்களானால் இதுவரை செய்ததைவிடப் பெரிய தப்பைச் செய்வீர்கள். அவர் உங்கள் விவாதத்துக்குச் சாட்சி கிடையாது. யாரையாவது சுட்டீர்களா என்றும் கேட்கக்கூடாது. அதை எந்தப் போர்வீரரிடமும் யாரும் கேட்கக்கூடாது. அவர் வெளியே போய் உட்காரும் இடத்தில் நீங்களும் போய் உட்காருங்கள். எந்த நாடு, அங்கே மழை எப்படி, கூட இருந்தவர்கள் யார், வீட்டிலிருந்து கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆகும், இந்த மாதிரிக் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் போய் உட்காருங்கள். ஒருவேளை அவர் கடைசிவரை சொல்லாமலே இருக்கலாம், அது அவர் உரிமை. சொன்னால், அதில் ஒரு வரியைக்கூட நாளைக்கு மைத்துனரிடம் வாதத்துக்கு எடுத்துப் பேசாதீர்கள்.

விவாதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டு நடப்பைப் பேசாத வீடு எனக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டுக்கு மைத்துனரைக் கூப்பிட்டு, மாமனார் காதில் விழாத இடத்தில் பேசுங்கள். 2011க்குப் பிறகான லிபியாவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், ருவாண்டாவுக்கு அவர் பதில் சொல்லட்டும். ஆனால் முதலில் ஃபோன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்துவிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் மனைவியின் ஃபோனிலிருந்து கூப்பிடாதீர்கள், உங்கள் எண்ணிலிருந்தே மறுநாளும் கூப்பிடுங்கள்.