வடிகால் வெட்டிய பீட் நிலங்களுக்கு மீண்டும் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில ஆண்டுகளில் வானத்தையே மறைத்துவிடும் புகைமூட்டத்துக்கு இந்தோனேசியாவின் பீட் நிலங்கள் எரிவதே காரணம் என்கிறார்கள். சதுப்பு நிலம் எப்படி எரியும்? அங்கே நடக்கும் சீரமைப்பு பலன் தருமா?
– வாசகர் ஒருவர், கிள்ளான்

பதில்: சதுப்பாக இருக்கும்வரை அது எளிதில் எரியாது. இறந்த மரமும் இலையும் வேரும் நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முழுமையாக மட்காமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த படிவமே பீட். போர்னியோ தீவின் மத்தியக் கலிமந்தான் மாநிலத்தில் இந்தப் படிவம் பல இடங்களில் பல மீட்டர் ஆழமுள்ளது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஆமை ஓடுபோல மெல்ல உயர்ந்து, மழைநீரை மட்டுமே நம்பி நிற்பது. 1995இல் அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணைப்படி, அங்கே பத்து லட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய்கள் அந்த மேடுகளை ஊடறுத்து வெட்டப்பட்டன. அமிலம் மிகுந்து சத்துக் குறைந்த அந்த மண்ணில் நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கால்வாய்களை யாரும் மூடவில்லை. அவை நீரை வடித்துக்கொண்டே இருந்தன. உலர்ந்த பீட் என்பது ஏறக்குறைய விறகுதான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதால் வரும் எல் நினோ வறட்சியின்போது மேலே வைத்த நெருப்பு நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு வாரக்கணக்கில் கனன்று, பெருமழை பெய்தால்தான் அடங்குகிறது. 1997இலும் 2015இலும் உங்கள் ஊருக்கு வந்தது அந்தப் புகைதான்.

2015இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்த பின், 2016 ஜனவரியில் இந்தோனேசிய அரசு பீட் நிலச் சீரமைப்புக்கென்றே ஒரு முகமையை அமைத்து, 20 லட்சம் ஹெக்டேரை மீட்பது என்று இலக்கு வைத்தது. அதன் முதல் வேலை கால்வாய்களின் குறுக்கே தடுப்பு கட்டுவது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பீட் நிலத்தில் அணை நிற்பது கடினம்: நீர் அணையின் பக்கவாட்டிலும் அடியிலும் ஊறிப் போய்விடும், ஒரே அணையில் நீரை உயரமாக நிறுத்தினால் அதுவே அணையைச் சுற்றிப் புது வழி அறுத்துக்கொள்ளும். ஆகவே, சிறு சிறு தடுப்புகளைப் படிக்கட்டாக அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்ட வேறுபாடு குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். படகில் போய்வர அந்தக் கால்வாய்களையே நம்பியிருக்கும் ஊர்மக்களைக் கலந்துகொள்ளாமல் கட்டிய தடுப்பு நெடுநாள் நிலைப்பதில்லை.

பயிரிடும் பீட் நிலங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. தீயைத் தடுக்க அது உதவும். கார்பன் இழப்பை நிறுத்த அது போதாது என்பதே என் கருத்து. வடித்த பீட் நிலத்தில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 செ.மீ. உயர்த்தும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயு வெளியேறாமல் மிச்சமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் 40 செ.மீ.யில் நிறுத்திய நிலமும் மெதுவாகக் கரைந்துகொண்டுதான் இருக்கும். தடுப்புக் கட்டாமல் கரையில் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்ளும் விழாக்களைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: நெல் வயலில் நீர் தேங்கினால் மீத்தேன் உண்டாகிறது என்று காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுக்கச் சொல்கிறார்கள். பீட் நிலத்தில் மட்டும் நீரைத் தேக்கச் சொல்வது முரண்பாடு இல்லையா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: மீத்தேன் இரண்டிலும் வரும், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் டெல்டா வயலின் வண்டல் பெரும்பாலும் களியும் மணலும். அதைக் காயவிட்டால் மண் ஆவியாகிப் போய்விடாது. பீட் நிலத்தில் மண்ணே கார்பன். காயவிட்டால் மண்ணே காற்றில் கலந்துவிடும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில், அருகிலிருந்த பெரிய ஏரியை வடித்த காலத்தில், அதாவது 1850களின் தொடக்கத்தில், உச்சி தரைமட்டத்தோடு சமமாக இருக்கும்படி ஓர் இரும்புத் தூணைப் புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேலே ஏறத்தாழ 4 மீட்டர் நிற்கிறது. தூண் எழவில்லை, தரை இறங்கியிருக்கிறது.

மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பம் பிடிப்பது என்றாலும், காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்குகிறது. கரியமில வாயுவோ நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே போகிறது. வடித்த பீட் நிலத்தில் அமைந்த எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 டன் கரியமில வாயுவை வெளியிடுவதாக, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டி கணக்கிடுகிறது. அதை நிறுத்துவதற்குச் சில காலம் மீத்தேனைப் பொறுத்துக்கொள்ளலாம். வடித்த நிலத்தின் கால்வாய்களிலிருந்தும் மீத்தேன் வருகிறது என்பதையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: புல் மூழ்கி அழுகும்படி முழங்காலளவு நீரைக் கட்டுவது. தரைமட்டத்தை ஒட்டி நீர் நின்றால் போதும்.

கேள்வி: வட ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற இடங்களில் பல பத்தாண்டுகள் உரமிட்டு மேய்ச்சல் நிலமாக்கிய பீட் நிலத்துக்கு மீண்டும் நீரைக் கொடுத்தால், அந்த உரமெல்லாம் என்னவாகும்?
– வேளாண்மை மாணவி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இங்கே எதிரெதிராக நடந்துகொள்கின்றன. நிலம் காய்ந்திருக்கும்போது பீட் மட்கி, அதிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கால்வாய் வழியே ஆற்றுக்குப் போகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. அந்த வாயு கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் வெப்பம் பிடிப்பது. நீர் திரும்பியதும், காற்றில்லாத மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. மேட்டு வயல்களிலிருந்து இறங்கிவரும் நைட்ரேட்டையும் இந்த நிலம் இவ்வாறே பிடித்துக்கொள்ளும்.

மணிச்சத்து அப்படியல்ல. காய்ந்த மண்ணில் அது இரும்பின் ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். நீர் நின்று உயிர்வளி தீர்ந்ததும் அந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாற, ஒட்டியிருந்த மணிச்சத்தும் கழன்று நீரில் சேர்கிறது. நடவு வயலில் நீர் கட்டியபின் பயிருக்கு மணிச்சத்து எளிதில் கிடைப்பதற்குக் காரணமும் இதுவே என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வயலில் வரமாக இருப்பது இங்கே தொல்லையாகிறது: கீழேயுள்ள ஏரியில் ஆல்கா படர்கிறது, நிலத்தில் மீட்க நினைத்த மெல்லிய பாசிகளையும் சிறு கோரைகளையும் மிஞ்சிக்கொண்டு முரட்டுச் செடிகள் மண்டுகின்றன. இந்தக் கசிவு பல ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல் நீடிக்கலாம்.

ஆகவே நீர் விடுவதற்கு முன்பே மேல்மண்ணைச் சோதிக்க வேண்டும். மணிச்சத்தின் மொத்த அளவு மட்டும் போதாது, இரும்புக்கும் அதற்குமுள்ள விகிதத்தையும் பார்க்க வேண்டும். இரும்பு மிகுந்த நிலத்தில் கசிவு குறையும். உரமேறிய மேல்மண்ணை வழித்தெடுப்பது விரைவான வழி; மணிச்சத்தும், எளிதில் மட்கி மீத்தேனாகும் பொருளும் ஒருசேர நீங்கும். ஆனால் செலவு அதிகம். வழித்த மண்ணை வேறெங்கோ குவித்துக் காயவிட்டால் அதிலுள்ள கார்பன் அங்கே வெளியேறும். அந்த மண்ணைக் கால்வாய் தூர்க்கப் பயன்படுத்தும் இடத்தில்தான் இது எனக்குச் சரியாகப் படுகிறது. மற்ற இடங்களில் நல்லது, ஈரத்திலேயே பயிர் செய்து அறுவடை மூலம் சத்தை வெளியேற்றுவது. சம்பங்கோரையும் நாணலும் மணிச்சத்தை நிறைய உறிஞ்சும். ஆண்டுதோறும் அறுத்து அப்புறப்படுத்தினால் மண்ணின் சுமை குறையும். வடகிழக்கு ஜெர்மனியின் மல்ஹின் நகரில் ஈரநிலத்தில் அறுத்த புல்லை எரித்து வீடுகளுக்கு வெப்பம் தரும் நிலையம் 2014 முதல் இயங்குகிறது. சம்பங்கோரையிலிருந்து கட்டடங்களுக்கான வெப்பத் தடுப்புப் பலகையும் செய்கிறார்கள். ஓர் எச்சரிக்கை: அறுவடையில் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) போகிறது, பீட் மண்ணில் அது முன்பே குறைவு என்பதால், சில ஆண்டுகளில் விளைச்சல் சரிய அதுவே காரணமாகலாம்.

கேள்வி: மாடித் தோட்டத்துக்குக் கோகோ பீட் வாங்குகிறேன். இதனால் பீட் நிலம் அழிகிறதா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: இல்லை. அது பொள்ளாச்சி போன்ற இடங்களில் தேங்காய் மட்டையிலிருந்து கிடைக்கும் நார்க்கழிவு. பீட் மாஸ் என்று விற்பதே வடக்கு நாடுகளின் பாசிச் சதுப்புகளில் வெட்டியெடுத்தது. அதற்கு மாற்றாகத்தான் நம் நார்க்கழிவு ஏற்றுமதியாகிறது. உப்பு நீங்கக் கழுவியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் பீட் நிலம் உண்டா?
– வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே உண்டு. நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் உள்ள பீட் படிவங்கள் பரப்பில் சிறியவை, வயதில் பெரியவை; சாண்டிநல்லா பகுதியில் எடுத்த மாதிரிகளின் கார்பன் ஓரிடத்தான்களை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை, அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளின் பருவமழை ஏற்றத்தாழ்வுகளை ஆய்வாளர்கள் 1990களிலேயே கணித்திருக்கிறார்கள். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே நீர் ஊறி நிற்கும் கறுப்பு மண்ணைத் தரிசு என்று எண்ணிக் காய்கறிக்காக வாய்க்கால் வெட்டுவதும், சுற்றிலும் தைலமரமும் சீகை மரமும் வளர்ப்பதும் இவற்றை உலர்த்துகின்றன. அளவு சிறியது என்பதால் மீட்பும் எளிது: வாய்க்காலை அதே மண்ணாலும் மரத்தாலும் பல இடங்களில் அடைத்து, துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி, கோடையில் நீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று மாதந்தோறும் அளந்து குறித்துவர வேண்டும். வனத்துறையின் ஒப்புதலுடன் செய்யுங்கள்.