தோல் கைவினை: கேள்வியும் பதிலும்

செதுக்கல், சாயம், மெருகு ஆகியவை குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான ஐயங்களை எழுப்பியவை இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: பணப்பையின் மூடியில் கொடி வடிவம் ஒன்றை ஸ்டாம்ப் என்ற உலோக அச்சுக் கருவி கொண்டு பதித்தேன். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மறுநாள் காலையில் வடிவம் பாதி மறைந்துவிடுகிறது. அடியில் வலு போதவில்லையா?

வலுவைக் கூட்டுவதால் இது தீராது. உங்களிடம் இருப்பது எந்த முறையில் பதனிடப்பட்ட தோல் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்று கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்புகளால் பதனிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய அந்த முறை, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடந்துவந்த வேலையை ஓரிரு நாட்களுக்குள் சுருக்கிவிட்டதோடு, மென்மையான, நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும் தோலையும் தந்தது. ஆனால் அந்தத் தோல் மீள்தன்மை உடையது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழுந்துவிடும். மரப்பட்டைகளிலிருந்தும் காய்களிலிருந்தும் எடுக்கப்படும் டானின் என்ற துவர்ப்பொருளால் பதனிட்ட தோலோ, ஈரத்தில் களிமண்ணைப் போல இளகி, காயும்போது அமுக்கிய நிலையிலேயே இறுகிக்கொள்கிறது. செதுக்கல் வேலைக்கு இதுவே ஏற்றது. மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டு, அது ஊறி இடம் கறுத்ததும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் அப்படியே நின்றால் அது துவர்த்தோல். நீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடினாலோ, தடம் மெல்ல நிமிர்ந்துவிட்டாலோ அதில் செதுக்க முயல்வது வீண்.

துவர்த்தோலாக இருந்தும் வடிவம் மங்குகிறது என்றால் குற்றம் ஈரத்தின் அளவில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய அனைவரும் தோலை அளவுக்கு மிஞ்சி நனைத்துவிட்டு உடனே அடிக்க உட்காருகிறார்கள். ஸ்பாஞ்சினால் இரு புறமும் சீராக நனைத்து, பாலிதீன் பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். ஈரம் மேற்புறத்தில் மட்டும் நில்லாமல் தடிமன் முழுவதும் பரவ அந்த நேரம் தேவைப்படுகிறது. மறுநாள் வெளியே எடுத்து, நனைந்த கருநிறம் விலகி ஏறக்குறைய இயல்பு நிறம் திரும்பும்வரை காத்திருங்கள். கண்ணுக்குக் காய்ந்துவிட்டதுபோல் தோன்றி, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும் நிலையே செதுக்குவதற்குரியது. அப்போது அடித்தால் பள்ளத்தின் அடிப்பகுதி தானாகவே செம்பழுப்பாகக் கறுத்து வரும். அடிக்கும்போது ஸ்டாம்பைச் சுற்றி நீர் கசிந்தால் ஈரம் மிகுதி. ஸ்டாம்ப் துள்ளி, தடம் வெளிறியே இருந்தால் ஈரம் போதாது.

தோலுக்கு அடியில் கனமான கருங்கல் பலகை இருக்கட்டும். மரப்பலகை அடியின் விசையைத் தின்றுவிடும். இரும்புச் சுத்தியலை விட்டுவிட்டுக் கொட்டாப்புளியைப் பயன்படுத்துங்கள். சுழல் கத்தியால் கோடு வெட்டும்போது தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் சென்றாலே போதும். கத்தி இழுபட்டு இடறுகிறது என்றால் மேலும் அழுத்தாமல், தீட்டும் தோல்வாரில் நாலைந்து முறை இழுத்துவிட்டுத் தொடருங்கள். நல்ல கத்தி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மெல்லிய தோலாக இருந்தால், ஈரத்தில் அடிக்கும்போது விரிந்து அளவு மாறிவிடாதபடி உட்புறம் முழுவதும் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்வது நல்லது.

கேள்வி: நனைத்த தோலில் சிறு சிறு கரும்புள்ளிகள் தோன்றின. பூஞ்சணமா?

ஒரே இரவில் தோன்றிய நீலங்கலந்த கறுப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் இரும்புத் துகள்தான். துவர்ப்பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். பழங்கால எழுதுமை உருவானதும் இதே வினையால்தான். கத்தி தீட்டியபோது உதிர்ந்த பொடி, துருப்பிடித்த கருவி, நனைந்த தோலின் மேல் வைத்த இரும்புக் கட்டை என எதுவும் காரணமாகலாம். எலுமிச்சைச் சாறு தடவினால் இளம்புள்ளிகள் மறையும். பிடிவாதமானவற்றுக்கு நீர்த்த ஆக்ஸாலிக் அமிலத்தைத் தடவி, நல்ல நீரால் துடைத்தெடுக்க வேண்டும். அது நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை கட்டாயம். இதே வினையை வேண்டுமென்றே நிகழ்த்துவோரும் உண்டு: இரும்புக் கம்பளியை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்து வடித்த நீரைத் துவர்த்தோலில் பூசினால் தோலே கறுப்பாக மாறிவிடும். அந்தக் கறுப்பு மேலே படிந்த சாயம் அன்று என்பதால் எளிதில் கையில் ஒட்டுவதில்லை. பூசிய பின், சமையல் சோடா கலந்த நீரால் ஒருமுறை துடைத்து எஞ்சிய அமிலத்தைத் தணித்துவிட வேண்டும்.

கேள்வி: இடைவாருக்கு ஸ்பிரிட் சாயம் பூசினேன். ஓரிடம் கறுத்தும் ஓரிடம் வெளுத்தும் பட்டை பட்டையாக இருக்கிறது. அணிந்தால் சட்டையிலும் ஒட்டுகிறது.

இவை இரண்டு தனித்தனிக் குறைகள். பட்டை விழுவதற்குக் காரணம், ஸ்பிரிட் விரைவில் ஆவியாகிவிடுவதால் முன்பு பூசிய விளிம்பு காய்ந்த பிறகு அதன் மேல் இரண்டாம் முறை தூரிகை படுவதுதான். சாயத்தை அதற்குரிய கரைப்பானில் நீர்த்துக்கொண்டு, கம்பளி உருண்டையால் சிறு வட்டங்களாக, தேவையான அடர்த்தி வரும்வரை மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். ஒரே பூச்சில் முழு நிறத்தையும் பெற்றுவிட வேண்டும் என்ற அவசரம்தான் பெரும்பாலான கறைகளுக்குத் தாய். முந்தைய நாளே, மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிவைத்தால் தோல் சாயத்தைச் சீராக உறிஞ்சும். பசை சிந்திய இடத்திலும் விரல் எண்ணெய் படிந்த இடத்திலும் சாயம் ஏறாது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே சாயமிடுவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

சட்டையில் ஒட்டுவது, நாருக்குள் இறங்காமல் மேலே தங்கிவிட்ட சாயத்தூள். சாயம் ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு, உலர்ந்த பருத்தித் துணியால் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கறுப்பும் அடர்நீலமும் நம் பொறுமையைச் சோதிக்கும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, மேற்பூச்சு அனைத்தையும் அடக்கிவிடும் என்று நம்புவது சரியன்று. இடைவாரின் உட்புறத்தை நான் சாயமிடாமலே விடச் சொல்வேன்.

கேள்வி: அக்ரிலிக் மேற்பூச்சு பூசியதும் சாயம் கலைந்தது. காய்ந்த பிறகு மடிப்பில் வெடிப்பும் விட்டது.

கலைந்ததற்குக் காரணம் முந்தைய பதிலில் சொன்ன சாயத்தூள்தான். வெடிப்புக்குக் காரணம் பூச்சின் தடிமன். அக்ரிலிக் தோலின் மேல் ஒரு படலமாக நிற்பது. படலம் தடித்தால் தோலோடு சேர்ந்து வளையாது. சம அளவு நீர் கலந்து, ஈர ஸ்பாஞ்சினால் ஒரே திசையில் இழுத்து, சென்ற இடத்துக்குத் திரும்பாமல் பூசுங்கள். அன்றாடம் மடங்கும் பொருள்களுக்கு எனக்கு மெழுகுப் பூச்சே உவப்பானது. தேன்மெழுகோ, ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கர்னௌபா மெழுகோ கலந்த களிம்பு அக்ரிலிக் அளவுக்கு நீரைத் தடுக்காது, அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் வெடிக்காது, தோலின் இயல்பான தோற்றத்தையும் மூடாது.

கேள்வி: செதுக்கிய பூக்கள் எடுப்பாகத் தெரிய, பள்ளங்களை இருளச் செய்யும் நிறக்களிம்பான ஆன்டிக் பேஸ்ட் தடவினேன். பூக்களும் சேர்ந்து இருண்டுவிட்டன.

பேஸ்டுக்கு முன் தடுப்புப் பூச்சு ஒன்று தேவை. மேட்டுப் பகுதிகளில் அதைப் பூசி நன்கு காயவிட்டால், பேஸ்ட் பள்ளங்களில் மட்டும் தங்கும். துடைக்கும் துணியைக் கசக்கிப் பிடித்தால் அது பள்ளத்துக்குள் புகுந்து அங்குள்ளதையும் வழித்தெடுத்துவிடும். தட்டையான சிறு மரத்துண்டில் துணியை இழுத்துச் சுற்றி, மேட்டை மட்டும் தொட்டுச் செல்லுமாறு துடையுங்கள்.

கேள்வி: விளிம்பு எவ்வளவு தேய்த்தாலும் நார் நாராகவே இருக்கிறது.

குரோம் தோல் என்றால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு விளிம்புப் பெயின்டுக்கு மாறிவிடுங்கள், அது மெருகேறாது. துவர்த்தோலில் மெருகின் பாதி வேலை உப்புத்தாளிலேயே முடிந்துவிடுகிறது. இரு அடுக்குகளும் ஒரே பரப்பாகும்வரை 220, 400, 600 எண் தாள்களால் வரிசையாகத் தேய்த்து, இரு கூர்முனைகளையும் சீவி எடுத்து, விளிம்புக்குச் சாயமிட்டு, பிறகே நீரோ, டிரகாகாந்த் என்ற செடிப்பிசின் பசையோ சிறிதளவு தொட்டு, பள்ளமிட்ட மரக்கட்டையால் விரைந்து தேய்க்க வேண்டும். உராய்வின் சூட்டில்தான் நார்கள் படிந்து பளபளக்கின்றன. ஆகவே வேகம் வேண்டும், அழுத்தம் வேண்டாம். அழுத்தினால் விளிம்பு காளான் குடைபோல விரிந்துவிடும்.

கேள்வி: முடித்து வைத்த கைப்பையில் வெள்ளைப் படலம் படர்ந்துள்ளது. கெட்டுவிட்டதா?

ஹேர் டிரையரை மிதமான சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால், அது தோலில் இருந்த கொழுப்போ மெழுகோ குளிரில் மேலெழுந்தது; துணியால் துடைத்தால் போதும், கேடில்லை. மறையாமல், புள்ளி புள்ளியாகப் பஞ்சுபோல் நின்று, புழுங்கிய வாடையும் வந்தால் அது பூஞ்சணம். வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் நன்கு உலர்த்துங்கள். அதன்பின் பையைப் பாலிதீன் உறையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.