தலையணைக்கு அடியில் இட்லி

உங்க குழந்தைகள் இல்லத்தில் ஏழு வயசுப் பையன் இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறான், எறும்பு மொய்க்குது, "ரெண்டு அடி போடு" என்கிறார் வார்டன், என்ன செய்றதுன்னு கேட்டிருந்தீங்க சகோதரி.

அது திருட்டு இல்லைங்க. பட்டினி கிடந்த பிள்ளை, அடுத்த வேளை சோறு நிச்சயம் வரும்னு நம்பவே மாசக்கணக்கில் ஆகும். நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்தப்போ ஒருத்திக்கு மூடி போட்ட டப்பா கொடுத்தேன். உள்ளே பொரி, பிஸ்கட்; மேலே அவள் பெயர். ராத்திரி எழுந்து அதைத் தொட்டுப் பார்த்துட்டுத் தூங்குவா. பிறகு ஒருநாள் பார்த்தால் பொரி நமுத்துக் கிடக்கு, திறக்கவே இல்லை.

அவனுக்கும் அப்படி ஒரு டப்பா கொடுங்க. மற்ற பிள்ளைகளும் கேட்கும். எல்லாருக்கும் வாங்கிடுங்க.

இல்லத்தில் பிள்ளையை அடிக்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம் பிரிவு 82-ன்படி குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம். வார்டன் கேட்கலைன்னா மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதுங்க, இல்லை குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்க.