வாசகர் கேள்வி: விரைந்து படிக்கப் பழகலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். போர்ட் லூயிஸ் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் நான் நாள்முழுதும் பிரெஞ்சு, ஆங்கிலக் கோப்புகளைப் படிக்கிறேன். நிமிடத்துக்கு 1,000 சொற்கள் படிக்கக் கற்றுத்தருவதாகக் கூறும் வகுப்பில் சேரலாமா? தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டியே படிக்கும் என் மகளுக்கும் அம்முறை உதவுமா?
– வாசகி ஒருவர், ரோஸ்ஹில்

பதில்: அம்மா, முதலில் அந்த 1,000 சொற்களைப் பார்ப்போம். படிக்கும்போது கண் வரியின்மீது சீராக நகர்வதில்லை. சிறு சிறு தாவல்களாகச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழக் கால் நொடி நின்று செல்கிறது. அவ்வாறாயின் நிமிடத்துக்கு 240 நிறுத்தங்கள் அமையும். ஒரு நிறுத்தத்தில் ஒன்றிரண்டு சொற்களே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால், ஆங்கிலத்தில் நன்கு பழகியவர்கள்கூட நிமிடத்துக்கு 200 முதல் 400 சொற்கள்வரையே புரிந்து படிக்கிறார்கள். 1,000 சொற்களைக் கடப்பவர் பெரும்பகுதியைப் படிக்காமல் தாண்டிச் செல்கிறார். 1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் தொடங்கிய வகுப்புகளிலிருந்தே இத்தகைய வாக்குறுதிகள் வழங்கப்பட்டு வருகின்றன; ஆனால் 2016இல் வெளிவந்த, உளவியலாளர் கீத் ரெய்னர் குழுவினரின் மதிப்பாய்வு, வேகம் மிகும்போது புரிதல் குறைகிறது என்றே கூறுகிறது. மொழியறிவு வளர்வதே வேகம் கூடுவதற்கு நம்பத்தக்க வழி என்பதும் அவர்களுடைய முடிவு.

எனினும், தாண்டிப் படிப்பது பயனற்றதன்று. மேசைமேல் குவிந்த இருபது கோப்புகளில் இன்றே விடையளிக்க வேண்டியது எது என்று கண்டறியவும், நாளிதழில் நமக்கு வேண்டிய செய்தியைத் தேடவும் அது பெரிதும் உதவும். அதற்குப் பணம் கொடுத்து வகுப்பில் சேர வேண்டியதில்லை. தலைப்புகளையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் பார்த்துச் செல்லப் பழகினாலே போதும். ஒப்பந்தத்தையும் மருந்துச் சீட்டையும் மட்டும் அவ்வாறு படிக்காதீர்கள்.

தங்கள் மகளைப் பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. நம் மொரிஷியஸ் தீவில் ஒரு குழந்தை பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும், எழுதப்படும் இடங்களில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலையும், ஒரே உரோமன் எழுத்தில்தான் காண்கிறது. பள்ளியிலும் கடைத்தெருவிலும் பேருந்துப் பலகையிலும் நாள்முழுதும் அவ்வெழுத்தில் கண் பழகுகிறது; தமிழெழுத்துக்கோ வாரத்தில் சில பாடவேளைகளே கிடைக்கின்றன. ஆதலால் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் குறையாகக் கருதாதீர்கள். பழகும் வாய்ப்புக் குறைவாக இருப்பதன் இயல்பான விளைவு அது.

மேலும், தமிழைத் தாண்டிப் படிப்பதில் ஒரு தனி இடர் உண்டு. பிரெஞ்சில் எதிர்மறையைப் பெரும்பாலும் ‘பா’ முதலிய தனிச்சொற்கள் காட்டிவிடுகின்றன. தமிழில் அது வினைக்குள்ளேயே, பெரும்பாலும் சொல்லின் கடைசியில் மறைந்திருக்கிறது. ‘அனுமதிக்கப்படும்’, ‘அனுமதிக்கப்படாது’ என்னும் இரண்டும் முதற்பாதியில் ஒன்றே. ‘அறிந்தவர்’, ‘அறியாதவர்’ என்பவற்றையும் அவ்வாறே பாருங்கள். சொல்லின் தலையைக் கண்டவுடன் அடுத்ததற்குத் தாவும் பழக்கம் ஊன்றிவிட்டால், வாக்கியத்தின் பொருளே தலைகீழாகும். தேர்வில் வினாவைப் பிழையாகப் புரிந்துகொண்டு நன்கு தெரிந்த விடையை இழந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக உள்ளது.

அவளுக்கு வேண்டியது, ஒரே பக்கத்தை வாய்விட்டுப் பலமுறை படிப்பது. கோயிலில் வாரந்தோறும் ஒரே பதிகத்தை ஏட்டைப் பார்த்துப் பாடும் பிள்ளைகள், சில மாதங்களில் அதே சொற்களைப் பாடநூலிலும் தயங்காமல் படித்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் நாளும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் தாங்கள் படித்துக் காட்டி, அடுத்து இருவரும் சேர்ந்து படித்து, பின்னர் அவளைத் தனியே படிக்கவிடுங்கள். கடிகாரம் வைத்து அளக்க வேண்டாம். அவள் தயங்கும் சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்து, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து அவளையே மீண்டும் படிக்கச் செய்யுங்கள்.