பனிக்கரடிக்கு எதற்குச் சட்டம் என்று சிரிக்கிறார்கள், மகள் அழுகிறாள்

கேள்வி: அமெரிக்க அரசு பனிக்கரடியைச் சட்டம் போட்டுப் பாதுகாப்பதைக் கிண்டல் செய்யும் ஒரு கட்டுரையை என் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ‘எண்ணிக்கை பெருகியிருக்கிற மிருகத்துக்குப் பாதுகாப்பாம், பூமி சூடாகிறதாம்’ என்கிற ரகம். எல்லோரும் சிரித்தோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் மட்டும் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகள் பக்கம்தான் அம்மா. ஆனால் தம்பியைத் திட்ட வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1960களில் இந்தக் கரடிகளைக் கணக்கில்லாமல் சுட்டார்கள். அலாஸ்காவில் சின்ன விமானத்தில் போய் வேட்டையாடினார்கள். 1973ல் கனடா, அமெரிக்கா, சோவியத் யூனியன், நார்வே, டென்மார்க் ஐந்தும் ஒஸ்லோவில் ஒப்பந்தம் போட்ட பிறகு பல இடங்களில் கரடிகள் தேறின. இன்று உலகத்தில் சுமார் 26,000 என்பது மதிப்பீடு. சட்டம் போட்டதால் பிழைத்தவை அவை.

2008 மே மாதம் அமெரிக்கா பனிக்கரடியை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணம் துப்பாக்கி இல்லை, பனி. தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது புரியாது. கரடி சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கடல் மேல் உறைந்த பனியில் சீல் என்கிற கடல்நாய் மூச்சு விட ஒரு துளை வைத்திருக்கும். அதன் பக்கத்தில் கரடி மணிக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடக்கும். வசந்தத்தில் பனிக்குள் சீல் குட்டி இருக்கிற வளையை மோப்பம் பிடித்து, பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டாலும் தொம்மென்று கூரையை உடைக்கும். ஒரு வருஷத்துக்கான கொழுப்பில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் சேர்வதுதான். திறந்த தண்ணீரில் சீலைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. பனி உருகிவிட்டால் கரையேறிப் பட்டினி.

கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் அந்தப் பட்டினிக்காலம் 1980களை விட மூன்று வாரம்போல நீண்டுவிட்டது. அதன் மேற்குக் கரையில் 2016ல் 842 என்று மதிப்பிட்ட கரடிகள் 2021ல் 618. எல்லா இடத்திலும் இப்படி இல்லை, சில கூட்டங்கள் நன்றாகவே இருக்கின்றன. அதையும் மகளிடம் மறைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. பட்டியலில் சேர்த்த அதே நாளில் அமெரிக்காவில் வனவிலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் உள்துறைக்கு அன்று அமைச்சர் போல இருந்த டர்க் கெம்ப்தார்ன், பூமியைச் சூடாக்கும் கரியமிலப் புகையைக் கட்டுப்படுத்த இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். நோயின் பெயரை எழுதிவிட்டு மருந்துச் சீட்டைக் கிழித்த மாதிரி. அப்புறம், கனடாவுக்கு வேட்டைக்கு வருகிற அமெரிக்கர்கள் கரடித் தோலை ஊருக்குக் கொண்டு போகத் தடை வந்ததால், அவர்களுக்கு வழிகாட்டிப் பிழைத்த இனுயிட் என்ற வடதுருவப் பழங்குடி மக்களுக்கு வருமானம் போனது. அவர்கள் புகை விட்டவர்கள் இல்லை. தம்பி அதைக் கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.

மகளிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள், நம்பமாட்டாள். ஸ்டீவன் ஆம்ஸ்ட்ரப் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த நூற்றாண்டின் நடுவில் மூன்றில் இரண்டு பங்கு கரடிகள் இல்லாமல் போகலாம் என்று 2007ல் கணித்த குழுவுக்குத் தலைவர் அவர். அவரே 2010ல், புகையைக் குறைத்தால் பனியும் கரடியும் தங்க வழி உண்டு என்று ஆய்வு வெளியிட்டார். பயத்தைக் கிளப்பியவராகச் சிலர் காட்டுகிற மனிதர்தான் அந்த வழியையும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அக்டோபர் கடைசியில் அதே ஹட்சன் விரிகுடா ஓரத்தில் இருக்கிற சர்ச்சில் என்ற ஊரின் கரையிலிருந்து இணையத்தில் நேரலை வரும். விரிகுடா உறையட்டும் என்று கரடிகள் கரையில் காத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். தம்பியையும் கூப்பிடுங்கள்.